வாயிற்காவலரின் ஏழு மணி

மேலாளர் தம் மேசைக்குப் பின்னால். அவருக்கு இடப்புறம், கோப்பு அலமாரியை ஒட்டிய முக்காலியில் நான், காகிதமும் பேனாவுமாக. எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவிலிருந்து ஒரு பெண்; மற்றதில் அவளுடைய சித்தப்பா, எங்கள் வாயிற்காவலர். அவர் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். மணி பதினொன்று பத்து.

விஷயம் இதுதான். ஒரே மாதத்தில் நான்கு முறை தாமதமானால் வேலை போய்விடும். நேற்று அவளுக்கு நான்காவது. நீக்கல் கடிதத்தைக் காலையிலேயே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். ஏழுக்கு ஊதாது, காவலர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கதவை அடைப்பார், அதுதான் ஏழு. ஏழுக்கு முந்திய கடைசிப் பேருந்தில் வருகிறவள் அவள் ஒருத்திதான்.

“இறங்கினதும் ஓடி வர்றேன் சார். எப்படிப் பார்த்தாலும் ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கணும். சித்தப்பாவையே கேளுங்க.”

“இங்க சித்தப்பா கிடையாது” என்றார் அவர்.

“வீட்டுக்கு வந்தா மட்டும் ‘என் பொண்ணு’ம்பீங்க!”

“சண்டையை வீட்ல வெச்சுக்கோங்க” என்றார் மேலாளர். “உங்க வாட்ச் சரியா ஓடுதா?”

காவலருக்குச் சுருக்கென்றது. “பத்தொன்பது வருஷமா ஓடுது சார். ஆறு மணிச் சங்குக்கு முள்ளை நேர் பண்ணுவேன். அப்புறம் சாவி குடுப்பேன். இப்படித்தான்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருத்தி, கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகை உள்ளே அமுக்கினார். பிறகு கையிலிருந்து கழற்றாமலேயே, வாசலைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்தபடி திருகினார். கிரிக் கிரிக் என்று கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

“சித்தப்பா, முள்ளு ஓடுது!”

நகம் பட்டுத் திருகு வெளியே வந்திருந்தது. சாவி ஏறுவதற்குப் பதில் முள் நகர்ந்திருந்தது. சுவரில் பதினொன்று பதினெட்டு. அவர் கையில் பதினொன்று இருபத்தைந்து. இன்னொரு முறை செய்யச் சொன்னோம், சரியாக இருந்தது. மூன்றாம் முறை ஒன்பது நிமிடம் முன்னால். மூன்றையும் குறித்துக்கொண்டேன். திருகு எந்த நாளில் இழுபடும், எந்த நாளில் இழுபடாது என்பது அவருக்கே தெரியாது.

“கடிகாரக் கோளாறுன்னு எழுதிடுங்க, முடிஞ்சுது” என்றார் மேலாளர் என்னிடம்.

“கடிகாரத்துல ஒண்ணுமில்ல சார்” என்றார் காவலர். “கோளாறுன்னா தலைமை ஆபீஸ்ல ரிப்பேர் ரசீது கேப்பாங்க. அது இல்லேன்னா இவ லேட் மார்க் அப்படியே நிக்கும். என் கைத் தப்புன்னே எழுதுங்க.”

“உங்களுக்கு மெமோ வருமே.”

“மெமோதானே. மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கறேன்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கையமர்த்தினார்.

காலையில் எழுதியதைக் கிழித்தேன். புதிய கடிதத்தில் மூன்று முறை திருகியதையும் நேரத்தோடு எழுதி, நான்கு தாமதக் குறிகளையும் நீக்கும்படி தலைமை அலுவலகத்தைக் கேட்டேன். ‘காவலரின் அஜாக்கிரதையால்’ என்று ஓரிடத்தில் இருந்தது. அதை எடுத்தே ஆக வேண்டும் என்றாள் அவள். இருக்கட்டும் என்றார் அவர். மேலாளர் யோசித்து, ‘காவலர் கவனியாமல்’ என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். மேலாளர் கையெழுத்திட்டார், கீழே காவலரும் இட்டார்.

உறையை ஒட்டி, முத்திரை வைத்து, பன்னிரண்டு மணித் தபால் பையில் போட்டேன்.