தலைக்கு வைத்த செருப்பு

மருத்துவமனைத் தாள் என் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது. அதில் எனக்குத் தேவையான செய்தி ஒன்றுதான். என் அப்பா காளிமுத்து செத்த அன்று குடித்திருக்கவில்லை. ரத்தத்தில் சாராயம் துளியும் இல்லை, சர்க்கரை அடியோடு இறங்கிப் போயிருந்தது. காலையில் இனிப்புநீருக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். லூபோக் சீனா பக்கம் போகும் செம்மண் பாதையில், செம்பனைகளுக்கு நடுவில், ஒரு வளைவில் விழுந்துவிட்டார்.

எட்டாம் நாள் படையலுக்கு நான் தங்கா பத்துவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பியது ஒரே காரணத்துக்காக. அப்பா படத்தின் முன்னால் சம்சு சாராயப் போத்தல் வைக்க விடக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் படையல் என்றால் செத்தவர் விரும்பித் தின்றதெல்லாம் இலைக்கு வர வேண்டும். கோழிக்கறி, அவித்த முட்டை, சிகரெட். குடிகாரராக இருந்தால் போத்தலும். கற்பூரம் காட்டியபின் அதைத் திறந்து முதல் மடக்கை மகன் குடிக்க வேண்டும்.

நான் குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இரவு வேலை பார்த்தேன். பகலில் தூங்குவதற்காகக் குடித்தேன். பிறகு குடிப்பதற்காக வேலையை விட்டேன். இப்போது கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறேன். நிறுத்திவிட்டதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

அக்கா புனிதா அப்பா வீட்டு அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"போத்தல் எங்கடா? வாங்கிட்டு வரச் சொன்னேன்ல?"

"வாங்கல. இத படி."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள்.

"குடிக்கவே இல்லியா?"

"இல்ல."

"ரெண்டு வருஷமா விட்டுட்டேன், விட்டுட்டேன்னு போன்ல சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நானும் சரிப்பா சரிப்பான்னு வெச்சிருவேன்."

என்னிடமும் ஒருமுறை சொன்னார். அன்று நான் போதையில் இருந்தேன். சிரித்துவிட்டேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"எல்லார்கிட்டயும் காட்டப் போறேன்கா."

"காட்டு. டாக்டரு மாத்தி எழுதிட்டாருன்னு சொல்வாங்க. காளிமுத்து குடிக்கலன்னா யாரு நம்புவா லா?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த முட்டையை எடுத்தாள்.

கூடத்தில் அப்பாவின் படம் தயாராக இருந்தது. அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியது. வேறு படம் இல்லை. கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் நேரத்தில் அவர் எங்காவது விழுந்து கிடப்பார். அதுதான் காரணம்.

எங்கள் தோட்டத்தில் அது புதிதில்லை. தாத்தா காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் கள்ளுக்கடை இருந்தது. கடைக்கு இடம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் தொடங்கும் வரிசை கள்ளுக்கடை வாசலில் முடியும். அப்புறம் கள் போய்ச் சம்சு வந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயத்தையும் இடித்தார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது உரக் கொட்டகை. மாறாமல் இருந்தது ஒரு பழக்கம். பாதையில் ஒருவன் விழுந்து கிடந்தால், அந்த வழியாகப் போகிறவன் அவனை ஒருக்களித்துப் படுக்க வைப்பான், வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காமல் இருக்க. அவன் செருப்பைக் கழற்றித் தலைக்கு வைப்பான். பிறகு தன் வேலைக்குப் போய்விடுவான். எழுப்ப மாட்டான். எழுப்பினால் சண்டை வரும். அது அக்கறைதான். அதற்கு மேல் அக்கறை காட்ட அங்கே யாருக்கும் தெம்பு இருந்ததில்லை.

காலை பதினோரு மணிக்கு உர லாரிக்காரன் பார்த்தபோது அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தாராம். தலைக்குக் கீழே செருப்பு. லாரிக்காரன் இதைச் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி என்னோடு வந்துகொண்டிருந்தது. அவருக்குச் செருப்பு வைத்தது யார்?

சித்தப்பா சின்னத்தம்பி நாலு மணிக்கு வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கூலி வேலை. அப்பாவுக்கு ஒரே தம்பி. செய்தித்தாளில் சுற்றிய போத்தலைப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"மகன் மறந்தாலும் தம்பி மறக்க மாட்டான்" என்றார், வந்திருந்த பத்துப் பேருக்கும் கேட்கும்படி. "கடைசியா அவனுக்குப் பண்ணதும் நான்தானே. வேலைக்குப் போற வழியில கெடந்தான். ஏழு மணி இருக்கும். நான்தான் திருப்பிப் படுக்க வெச்சேன். செருப்பையும் தலைக்கு வெச்சேன். வேற யாரு செய்வா?"

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஏழு மணி. உர லாரிக்காரன் பார்த்தது பதினோரு மணி. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றியே எழுப்பியிருப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாள் மடித்தபடி என் நெஞ்சருகே இருந்தது. எடுத்துப் படித்தால் அப்பாவின் பேர் சுத்தமாகிவிடும். சித்தப்பாவுக்கு மிச்சமிருக்கும் நாள் முழுக்க அந்த நாலு மணி நேரம்தான் இருக்கும்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கற்பூரம் காட்டி முடிந்தது. சித்தப்பா போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றி என்னிடம் நீட்டினார். அந்த வாடை ஐந்து மாதத்துக்குப் பிறகு நேராகத் தொண்டைக்குள் போனது. வாயில் எச்சில் ஊறியது.

"நான் விட்டுட்டேன் சித்தப்பா."

"உங்கப்பனும் இப்படித்தான்டா சொல்லிக்கிட்டிருந்தான்."

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டேன்.

"அன்னைக்கி அவர்கிட்ட வாடை வந்துச்சா?"

அவர் சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் ஆனது.

"எங்க குலை லாரிக்காரன் வா வான்னு ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தான்டா" என்றார்.

"வாடை வந்துச்சா?"

"கேக்காதடா."

மகன் குடிக்க வேண்டிய மடக்கை அவரே குடித்தார். போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு, இலை போடுவதற்கு முன்பே வெளியே நடந்தார். யாரும் தடுக்கவில்லை. துக்கம் தாங்காமல் போகிறார் என்றார்கள். நான் தாளை எடுக்கவில்லை. அதில் இருப்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மற்றவர்கள் நம்பப் போவதில்லை.

சாப்பிட்டுவிட்டு ஆறரைக்குக் கிளம்பினேன். அப்பா விழுந்த அதே வளைவில் சித்தப்பா மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் பாதி காலியான போத்தல். இந்தத் தடவை வாடை இருந்தது. பத்தடி தூரத்திலேயே வந்தது.

மோட்டாரை நிறுத்தினேன். தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினேன். என் கை தானாகவே அவர் செருப்புக்குப் போனது. ஒன்றைக் கழற்றிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. மறுபடி காலில் மாட்டிவிட்டேன்.

"சித்தப்பா, எழுந்திருங்க."

கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்தார்.

"போடா. குடிச்சிருக்கேன். போ."

"தெரியுது. எழுந்திருங்க."

"அவனுக்கு நான் நிக்கல. எனக்கு மட்டும் எதுக்குடா நிக்கிற?"

தூக்கிப் பார்த்தேன். கனத்தார். மோட்டாரில் உட்கார வைத்தாலும் சரிந்து விழுந்துவிடுவார். கொஞ்சம் தெளியட்டும் என்று அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். போத்தல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. அதை எடுத்து எறிந்திருக்கலாம். தொட்டால் எறிவேனா என்று எனக்கே உறுதி இல்லை. அதனால் தொடவில்லை.

அந்த வழியாக மூன்று மோட்டார்கள் வந்தன. முதல் இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவது வேகம் குறைத்தது. ஓட்டியவர் அப்பாவுக்குத் தெரிந்தவர், கூடத்தில் சிரித்தவர்களில் ஒருவர். போத்தலைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

குடித்துக் கிடப்பது இரண்டு பேர் என்று கணக்கு வைத்திருப்பார்.