துடித்த தேதிகள்

மதிவதனியின் இடது தோள் துடித்த அன்று மாலை, ஒன்பது ஆண்டுகளாக வெறும் காற்று வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் போர்வெல்லில் தண்ணீர் வந்தது. அடுத்த வாரம் இடது தொடை துடித்தது. எதிர்வீட்டுக் கலையரசனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருந்த அவள் அப்பா அருணகிரிக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. எந்த உறுப்பு துடித்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பெண்ணுக்கு இடப்பக்கம் நல்லது. ஒவ்வொரு துடிப்பையும் தேதி போட்டு அதிலேயே குறித்துவைத்தான். தெருவே அவளை விசாரிக்கத் தொடங்கியது, ஆனால் அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அல்ல. பல் துலக்கக்கூட விடாமல், "இன்னைக்கு எங்க துடிச்சுது பாப்பா?" என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

அவளுக்குப் பதினாறு வயது. துடித்த இடத்தில் எல்லாம் பலம் குறைவதை அவள் மட்டும்தான் கவனித்தாள். குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லை. செல்போனில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு அழுதாள்.

"துடிச்ச எடமெல்லாம் தெம்பு கம்மியாவுதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"எல்லாம் நல்ல துடிப்புதாம்மா. போனைப் பாத்துப் பாத்து நீயா பயந்துக்கிற" என்றான் அருணகிரி. தாயில்லாத பெண், செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததற்காக இன்றுவரை அவன் தன்னை மன்னிக்கவில்லை. பதினான்கு மாதம் ஓடியது. தெருவில் மூன்று கல்யாணம் நடந்தது, ஒரு வழக்கு ஜெயித்தது, காணாமல் போன மாடு ஒன்று கன்றோடு திரும்பி வந்தது.

பிளஸ் டூ தேர்வில், இடது கையால் எழுதும் அவள் விரலிலிருந்து பேனா நழுவி விழுந்த பிறகுதான் வேலூருக்குக் கூட்டிப்போனான். எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். அருணகிரி பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்தான். தோள், தொடை, கெண்டைக்கால், கட்டைவிரல், எல்லாம் தேதியோடு இருந்தன. டாக்டர் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்.

"இவ்ளோ கரெக்டா குறிச்சு வெச்சிருக்கீங்க. மொதல் தேதியிலயே வந்திருக்கலாமே."

போன பலம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். இப்போது வைத்தியம் நடக்கிறது. துடிப்பும் நிற்கவில்லை, பலனும் நிற்கவில்லை. நேற்றுக் காலை அவள் இடது கண் துடித்தது. கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் பட்டாசு வெடித்தார்கள்.

"யாருக்குப்பா நல்லது?" என்று மதிவதனி கேட்டாள்.

"தெரியலம்மா" என்றான் அருணகிரி. கையைத் தூக்க முடியாத மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். வகிடு நேராக எடுக்க அவனுக்கு இன்னும் பழகவில்லை.