குழாயடியில் உட்கார்ந்தவர்

கொழும்புத் துறைமுகத் தொழிலாளருக்கென்று கொச்சிக்கடையில் ஒரு கிளைச் சபை தொடங்க வேண்டும் என்று 1938இல் வெள்ளவத்தைத் தமிழ்ச் சபை தீர்மானித்தது. அந்தப் பொறுப்பு உபதேசியார் கிளெமென்ற்றின் தலையில் விழுந்தது. ஞாயிறு தவறாமல் அவர் கோட்டை வரைக்கும் ரயிலில் போய், அங்கிருந்து நடந்து, துறைமுகச் சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்று பிரசங்கம் செய்தார். கப்பல் வந்த ஞாயிறுகளில் ஆண்களுக்கு வேலை இருந்தது. வராத ஞாயிறுகளில் உறங்கினார்கள். அவர் கொடுத்த துண்டுப்பிரசுரங்களில் கடலைக்காரர்கள் கடலை சுற்றி விற்றார்கள். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

ஒரு ஞாயிறு ரயிலில் அவர் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தை விரித்தார். பவுல் பிலிப்பிப் பட்டணத்துக்குப் போய், ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களோடு உட்கார்ந்து பேசிய இடம். எத்தனையோ தரம் வாசித்ததுதான். அன்றைக்கு, உட்கார்ந்தார் என்பதில் கண் நின்றது. தான் இவ்வளவு நாளும் நின்றுகொண்டே கத்தியிருப்பது அவருக்கு உறைத்தது.

அன்று அவர் கிட்டங்கிப் பக்கம் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் தொழிலாளர் குடும்பங்கள் இருந்த லயத்துக் குழாயடியில், வாளிகளோடு பெண்கள் காத்திருந்த இடத்தில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. பெண்களும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, துறைமுகத் தொழிலாளி சுடலைமுத்துவின் மனைவி இராமலெட்சுமி மட்டும் பக்கத்தில் வந்து மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"ஐயாவுக்குப் படிக்கத் தெரியுமில்ல? வந்து பதினோரு நாளாச்சு."

"இங்க வாசிக்க ஒருத்தரும் இல்லையோ?"

"கடைக்காரரு படிப்பாரு. படிச்சா லயம் பூராவும் தெரிஞ்சிரும்."

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மகள் பாக்கியலெட்சுமி யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தாள். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான், கை ஒடிந்துவிட்டது, அம்மாவிடம் வரட்டுமா என்று கேட்டிருந்தாள். கிளெமென்ற் குரலைத் தாழ்த்தி வாசித்து முடித்தார். இராமலெட்சுமி அழவில்லை.

"வரச் சொல்லி எழுதுங்க. இன்னைக்கே போட்டுருங்க."

அடுத்த வாரம் மகள் கையில் கட்டோடு வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று கிளெமென்ற்றிடம் இரண்டொருவர் விசாரித்தார்கள். அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலு பெண்கள் கடிதங்களோடு வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஒன்பது பேர். இந்த மனிதரிடம் சொன்னது வெளியே போகாது என்று குழாயடிக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளவத்தைச் சபையின் போதகருக்கு இது பிடிக்கவில்லை.

"கடிதம் வாசிக்கவோ உம்மை அனுப்பினது? அந்தக் கடிதங்களில அப்பிடி என்ன இருக்கு?"

"அதை நான் சொல்லேலாது, ஐயா."

"அப்ப சபை அறிக்கையில என்ன எழுதிறது?"

"கடிதம் வாசிச்சனான் எண்டே எழுதுங்கோ."

மழைக்காலம் தொடங்கியபோது இராமலெட்சுமி தன் அறையைக் காட்டி, அங்கே உட்காரச் சொன்னாள். ஒருநாள் கடிதங்கள் முடிந்த பிறகு அவளே கேட்டாள். "அந்தப் பொஸ்தகத்துல என்னதாங்க இருக்கு?"

"இதிலயும் கடிதங்கள் இருக்கு. சிறையில இருந்த ஒருத்தர் தன்ர ஆக்களுக்கு எழுதினது."

"அப்ப அதையும் படிங்க."

பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை அவர் வாசித்தார். கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்த இடத்தில், சிறையிலிருந்தா இப்படி எழுதினார் என்று பாக்கியலெட்சுமி கேட்டாள். ஓம் என்றார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

இரண்டு வருடத்தில் ஆறு பெண்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பாக்கியலெட்சுமி அவர்களில் ஒருத்தி. இராமலெட்சுமி பெறவில்லை. "எங்க வீட்டுக்காரரை விட்டுட்டு நான் மட்டும் வர முடியாதுங்க" என்றாள். கிளெமென்ற் வற்புறுத்தவில்லை. கிளைச் சபைக்கென்று போதகர் வரைவித்த கட்டடம் எழும்பவுமில்லை. ஆனால் கிளெமென்ற்றிடம் எழுத்துக் கற்றுக்கொண்ட பாக்கியலெட்சுமி, கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் சித்தி வீட்டில் போய் இருந்தபோது, அங்குள்ள பெண்களுக்குக் கடிதம் வாசிக்கத் தொடங்கினாள். வெள்ளவத்தையில் யாரும் அவளை அனுப்பவில்லை. ஆறு மாதம் கழித்து அவளுடைய கடிதம் வந்த பிறகுதான் அங்கேயும் ஒரு ஜெபக்கூட்டம் நடப்பது கிளெமென்ற்றுக்கே தெரியும்.