ஒன்பது கிலோ குறைகிறது

நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு. முதலாளிக்கு நான் தர வேண்டிய பாக்கி அது. மச்சான் தர வேண்டியதும் அதே தொகைதான். என் தங்கைக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்றதும், அண்ணன் நான் பாதி, புருஷன் அவன் பாதி என்று ஒரே நாளில் போய்க் கைகட்டி நின்று வாங்கினோம். ஒரே கூலி, ஒரே பிடித்தம். தங்கை தேறிவிட்டாள். கடன் அவளைவிட நன்றாகத் தேறியது.

எங்கள் வேலை பழைய இரும்புக் கடையில். லாரியில் வருவதை இறக்குவது, உடைப்பது, எடை மேடையில் ஏற்றுவது. முதலாளிக்கு இரண்டு பையன்கள். பெரியவர் தடித்தவர், சின்னவர் ஒல்லி. இருவரும் அடுத்தடுத்து ஆளுக்கொரு சின்னக் கார் வாங்கினார்கள். பெரியவருக்கு வெள்ளை, சின்னவருக்குச் சிவப்பு. விலையில் பெரிய வித்தியாசமில்லை. வம்பே அதனால்தான். வித்தியாசம் இருந்திருந்தால் ஒருவர் வாயை மூடியிருப்பார்.

"காலை வச்சதும் பாயும்டா என் வண்டி," என்பார் பெரியவர்.

"பாயும். அப்புறம் மூச்சு வாங்கும். மூணாவது கியர் விழட்டும், அப்பப் பாரு என் வண்டிய," என்பார் சின்னவர்.

விடுமுறை நாள் மதியம் ஒன்றில் பேச்சு முற்றிப்போய்ச் சாவியை எடுத்துவிட்டார்கள். கடைக்குப் பின்னால் நேர்ச்சாலை ஒன்று, மூடிக் கிடக்கும் ஆலையின் கேட் வரை போகிறது. யாரும் வராத சாலை. பெரியவர் மட்டும் ஒரு நியாயம் கேட்டார். தன் உடம்பும் தம்பி உடம்பும் ஒன்றா, எடையைச் சமமாக்காமல் ஓடினால் அது போட்டியா என்றார்.

முதலாளி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒயரிலிருந்து செம்பை உரித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கம் தலையை ஆட்டினார். "இரும்ப வச்சா உருளும், சீட்டு கிழியும். இதுங்கள ஏத்துங்க. தானாப் பிடிச்சுக்கும்."

எடை மேடையில் ஏறச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மச்சான் ஏறியபோது முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

"இது கிலோ என்ன விலைக்குப் போகும்?" என்றார் முதலாளி.

"துருப்பிடிச்சது. யாரும் எடுக்க மாட்டான்," என்றார் பெரியவர்.

நாங்களும் சிரித்தோம். அந்தக் கடையில் முதலாளி சிரிக்கும்போது சிரிப்பதும் வேலையில் சேர்ந்தது.

கனத்தவன் நான், சின்னவர் வண்டிக்கு. மச்சான் பெரியவர் வண்டிக்கு. அப்படியும் சின்னவர் பக்கம் ஒன்பது கிலோ குறைந்தது. குவியலில் தேடி ஒரு பல்சக்கரத்தை எடுத்து என் மடியில் வைத்தார்கள். எங்கள் துணியில் கிரீஸ் இருந்ததால் சீட்டின் மேல் சாக்கு விரித்தார்கள். புறப்படும் நேரத்தில் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, சத்தமாகச் சொன்னார்: "எந்த வண்டி ஜெயிக்குதோ, அதுல இருக்கிறவன் கடன் தள்ளுபடி. அப்பதான் தூங்காம உக்காருவானுங்க."

மச்சான் அந்தப் பக்கத்துக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "என்ன மச்சான், இன்னிக்கு நீயா நானா?" என்று சிரித்தான். நான் பதில் சொல்வதற்குள் முதலாளி கைக்குட்டையை வீசினார்.

முதல் ஓட்டத்தில் வெள்ளை வண்டி விருட்டென்று முந்தியது. முதுகு சீட்டில் ஒட்ட, பல்சக்கரம் என் வயிற்றில் அழுந்தியது. பாதி தூரம் வரை வெள்ளையின் பின்விளக்குதான் தெரிந்தது. அப்புறம் சின்னவர் கியரை மாற்றினார். சிவப்பு வண்டி அடித்தொண்டையில் உறுமி, மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்து, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டியது. மச்சான் முகம் என்னைக் கடந்து பின்னால் போனதைப் பார்த்தேன்.

கிளட்ச் வழுக்கிவிட்டது, இது கணக்கில்லை என்றார் பெரியவர். மறுபடி நின்றோம்.

இரண்டாவது ஓட்டமும் அச்சாக அப்படியே போனது. வெள்ளை முன்னால். பாதியில் சிவப்பு நெருங்கியது. முன்சக்கரத்துக்கு முன்சக்கரம் வந்தபோது மச்சான் கதவைத் திறந்தான். ஆயுள் முழுக்க மூட்டை தூக்கியவன். வண்டி திணறினால் எதை இறக்க வேண்டும் என்பது அவனுக்குக் கைப்பழக்கம். தன்னை இறக்கிவிட்டான்.

வெள்ளை வண்டி ஜெயித்தது.

நான் திரும்பி ஓடிப் போய்ப் பார்த்தபோது புழுதியில் கிடந்தான். இடது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. காதிலிருந்து ரத்தம். "யாரு முன்னாடி?" என்று கேட்டான். "வெள்ளை" என்றேன். பல் முழுக்கச் சிவப்பாகச் சிரித்தான்.

பெரியவர் கதவைத்தான் தடவிக்கொண்டிருந்தார். விரிந்த கதவு மைல்கல்லில் மோதி நசுங்கியிருந்தது. முதலாளி நடந்து வந்தார், குனியாமல் பார்த்தார்.

"கேட்டத் தொடும்போது இவன் வண்டியில இல்லையே," என்றார். "எடை குறைஞ்ச ஓட்டம் செல்லாது. இன்னொரு வாட்டி விடுங்க."

"ஐயா, ஆஸ்பத்திரிக்கு..." என்றேன்.

"முடிஞ்சதும் இந்த வண்டியிலயே போலாம். எவ்வளவு வேகம்னுதான் பார்த்தியே," என்றார் சின்னவர். "ஏறு."

வேறு வண்டி இல்லை. ஏறினேன்.

மச்சான் எடைக்கு இரும்பு நிறுத்து வெள்ளை வண்டியில் வைத்தார்கள். உருளாமலிருக்க அதற்கு சீட் பெல்ட் மாட்டினார்கள். மச்சானுக்கு யாரும் மாட்டியிருக்கவில்லை, எனக்கும்தான்.

மூன்றாவது ஓட்டத்தில் நான் சாலையைப் பார்க்கவில்லை. வேகமுள்ளை மட்டும் பார்த்தேன். போ, போ என்று என் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. இரும்பு குதிக்கவில்லை. சிவப்பு தாண்டியது.

"உன் கணக்கு இன்னியோட முடிஞ்சுது," என்றார் முதலாளி. அப்புறம் பெரியவரைப் பார்த்து, "கதவு வேலைக்கு என்ன ஆகுதோ அவன் கணக்குல ஏத்திடு."

மச்சானைத் தூக்கிக்கொண்டு சிவப்பு வண்டியருகே போனேன். சின்னவர் ரத்தத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "சாக்கெல்லாம் நனைஞ்சு ஊறிடுமே," என்றார். பெரியவர் ஏற்கெனவே கண்ணாடியை ஏற்றியிருந்தார்.

கடைக்கு ஓடி, குப்பை இரும்பு தள்ளும் கைவண்டியை எடுத்து வந்து அதில் அவனைப் படுக்க வைத்தேன். அதன் ஒரு சக்கரம் எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். எடை மேடைக்குக் கீழே எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பும் அப்படியே கிடந்தன. எடுக்க நிற்கவில்லை. தார் சுட்டது. "யாரு மச்சான் ஜெயிச்சது?" என்று நடுவில் கேட்டான். சக்கரம் கிறீச்சிட்ட சத்தத்தில் கேட்காதவன் மாதிரித் தள்ளினேன்.

பெரிய சாலை தெரியத் தொடங்கியபோது பின்னால் ஹாரன். ஓரம் கட்டினேன். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி எங்களைக் கடந்து பறந்தன. இப்போது உள்ளே எடை எதுவும் இல்லை. மச்சான் தலையை மட்டும் தூக்கி, புழுதிக்குள் கண்ணைச் சுருக்கி, எது முன்னால் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.