இரண்டாம் மதிப்பீட்டாளர்

நான் கோபக்காரிதான். ஆனால் இந்த முறை கோபம் வருவதற்கு முன்பே வயிறு எரிந்தது.

செங்கல்பட்டில் சட்டம் படிக்கிறேன், கடைசி ஆண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் பன்னாட்டுச் சட்ட இதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். அணு உலையில் விபத்து நடந்தால் கரையோர மீனவருக்கு யார் இழப்பீடு தருவது என்பதுதான் பொருள். அந்த இதழில் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. படிப்பு முடிந்துவிட்டால் அதில் எழுத முடியாது. கட்டுரை வந்தால் மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்க வழி பிறக்கும். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருக்கும் அப்பாவின் சம்பளத்தில் வெளிநாடு போவதெல்லாம் நடக்கிற காரியமா?

பக்கத்து வீட்டு இனியன் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறான். ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். இதழின் ஆசிரியர் குழுவிலும் இருக்கிறான்; வரும் கட்டுரைகளை மதிப்பிடுவது அந்தக் குழுதான். அனுப்பு அனுப்பு என்று என்னை நச்சரித்தவனே அவன்தான். முதல் வரைவைப் படித்துவிட்டுப் பிரமாதம் என்றான்.

கட்டுரையைப் பெயர் நீக்கித்தான் அனுப்ப வேண்டும். மதிப்பிடுபவருக்கு எழுதியவரைத் தெரிந்துவிட்டால் அவர் விலகிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான்.

நேற்று மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பதில் வந்தது. நிராகரித்துவிட்டார்கள். முதல் மதிப்பீட்டாளர் வாயாரப் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் எழுதியிருந்தது இது: ‘கட்டுரையாளரின் தந்தை அணுமின் நிலைய ஊழியர். நடுநிலை ஐயத்துக்குரியது. வெளியிட வேண்டாம்.’

கட்டுரையில் அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை; அந்தக் குழுவில் அவரைத் தெரிந்தவன் ஒருவன்தான். அங்கேயே நின்று இனியனை அழைத்தேன்.

“இன்னாடா, அது நீதானே?”

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “நான் வேற இன்னா பண்றது பிரதீபா? ஊர்க்காரிக்குச் சலுகை காட்டிட்டான்னு எவனாவது சொல்லிட்டா? இங்க என் பேரு இன்னாவும்?”

“அப்போ ஒதுங்கிக்க வேண்டியதுதானே?”

“ஒதுங்கினா ஏன்னு கேப்பாங்க. உன் டிராஃப்ட்ட முன்னாடியே படிச்சேன்னு சொல்லணும்.”

அவன் பெயர் கெடாமல் இருக்க என்னைக் காவு கொடுத்திருக்கிறான். கூடவே இருந்து குழி பறித்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நேர்மை என்று சொல்லிக்கொண்டு பறித்தவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

“கட்டுரை நல்லாத்தான் கீது, சத்தியமா. அடுத்த வருசம் அனுப்பு. அப்ப நான் குழுவுல இருக்க மாட்டேன்.”

“அடுத்த வருசம் நான் ஸ்டூடன்ட் இல்லடா.”

“அய்யய்யோ, ஆமால்ல?” என்றான். அதை அவன் நினைத்தே பார்க்கவில்லை என்று புரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

“புகார் கிகார் எதுவும் பண்ணிடாத. அம்மாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க.”

அவன் அம்மா லோகநாயகி அத்தை எனக்கும் சேர்த்துச் சோறு போட்டவர். அவர் முகம் கண்முன் வந்தது. ஃபோனை வைத்தேன். கல்பாக்கம் பஸ் வந்தது, ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தலைமை ஆசிரியருக்கு நடந்ததை எழுதினேன். கட்டுரையை மறுபடி எடுத்துக்கொள்வார்களா, தெரியாது. மதிப்பிட்டவர் யார் என்ற இடத்தில் அவன் பெயரை முழுதாக எழுதினேன், இனிஷியலோடு.