நாற்காலிக்கு நெல்பா சொன்ன அர்த்தம்

ராணுவம் ஆட்சியைப் பிடித்த மூன்றாம் வருடம், ஒரு கோடைப் பகலில் நெல்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலைநகர் மொந்தெவிதேயோவின் பெண்கள் பள்ளியொன்றில் பதினோரு வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் அவள்.

கேப்டனின் மேசைமேல் ஆறு தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் நாலைந்து கோடு, கீழே கையால் எழுதிய ஒரு வரி. ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து வந்திருந்தார்கள். வரைந்தவன் வால்டெமார். அவளோடு அதே பள்ளியில் வேலை பார்த்தவன். பசை வாளியோடு பிடிபட்டு உள்ளே இருந்தான்.

கேப்டன் மரியாதையாகத்தான் பேசினார், காப்பிகூட வரவழைத்தார். "இதுல என்ன இருக்கு டீச்சர்? ஒரு நாற்காலி. 'அப்பா ரொட்டி வாங்கப் போயிருக்கார்'னு ஒரு வரி. என் பையன் இதைவிட நல்லா வரைவான். வெறும் கிறுக்கல்னு எழுதிக் குடுங்க, ரெண்டு தட்டு தட்டி அனுப்பிடறோம்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போகத்தான் நெல்பாவும் வந்திருந்தாள். ஆனால் கேப்டன் தன் பையனோடு ஒப்பிட்டது சுருக்கென்று தைத்தது.

"கிறுக்கல் இல்ல," என்றாள்.

பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. வேண்டுமென்றே நடுங்கவிட்ட கோடு அது என்றாள். நாற்காலிக்கு நிழல் இல்லை, உட்கார்ந்தவர் எழுந்து போகவில்லை, அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றாள். எழுத்து ஒரு தாயின் கையெழுத்து, பிள்ளையிடம் சொல்லும் பொய் அது என்றாள். வகுப்பில்கூட இவ்வளவு நன்றாக அவள் பேசியதில்லை. மூலையிலிருந்த தட்டச்சு இயந்திரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தபோது, ஆறாவது தாளுக்கு வந்திருந்தாள்.

வால்டெமாருக்கு எட்டு வருடம் கொடுத்தார்கள்.

ராணுவம் போனபின் தொழிற்சங்கக் கூடமொன்றில் அந்த ஆறு படங்களையும் மாட்டினார்கள். மன்னிப்புக் கேட்பதென்று நெல்பா போனாள். முன்பற்கள் இல்லாமல், மெலிந்து, மாத்தே தேநீர்க் குவளையோடு வால்டெமார் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவனே பக்கத்தில் வந்தான்.

"வக்கீல் உன் வாக்குமூலத்தைக் காட்டினார் நெல்பா. வரிவரியா எனக்கு மனப்பாடம்."

அவள் வாயைத் திறந்தாள். அவன் கையமர்த்தினான்.

"என் படத்தை அந்த மாதிரி யாருமே படிச்சதில்ல. மொதல்ல எனக்குச் சந்தோஷம்தான் வந்துச்சு. அந்த இடத்துல, அந்த நெலமையில. உன்னைக்கூட மன்னிச்சிருவேன், அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால மன்னிக்க முடியல."

யாரோ கூப்பிட, குவளையை ஏந்தியபடி போய்விட்டான். நெல்பா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் திரும்பி வரவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமலேயே படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் அவளை அரித்தது இன்னொன்று: அவன் பாராட்டியபோது, ஒரு நொடி, அவளுக்கும் பெருமையாக இருந்தது.