ஸ்பேனரும் குடோன் சாவியும்

வெள்ளிக்கிழமை ராத்திரி அருவிக்குப் போகலாம் என்று என்னோடு படிக்கும் மகாராஜா சொன்ன நிமிடத்திலிருந்தே நான் ஒரு சாக்குத் தேட ஆரம்பித்தேன். முதலில் பீட்சா, பன்னீர் சோடா, அரட்டை. பிறகு கூட்டம் குறைந்ததும் மெயினருவியில் குளியல். மாதத் தேர்வு முடிந்ததற்காக அவன் போட்ட திட்டம்.

எனக்கு வலிப்பு உண்டு. மகாராஜாவுக்கும் எங்கள் கூட்டாளி ஜோயலுக்கும் அது தெரியாது. அப்படித்தான் இன்று இரவு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பில் ஆரம்பித்தது. திருநெல்வேலி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆறு, குளம், அருவி எதிலும் இறங்கக் கூடாது, ராத்திரி கண்விழிக்கக் கூடாது என்றார். அம்மா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

"வெளிய மூச்சு விடக் கூடாது. அக்காவுக்கு மாப்பிள்ள பாக்கோம். தம்பிக்கு வலிப்புன்னு தெரிஞ்சா எவனாவது நம்ம வாசப்படி ஏறுவானா?"

இப்போது சுரண்டையிலிருந்து வந்த இடம் ஏறக்குறைய முடிகிற மாதிரி இருக்கிறது. அதனால் நான் வாயைத் திறப்பதே இல்லை. குற்றாலீஸ்வரன் என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை நாள் அருவிப் பக்கம் போகாமல் தப்பித்ததே பெரிய விஷயம். சளி, சேற்றுப்புண், தூரத்து மாமா சாவு. இல்லாத மாமாக்களையெல்லாம் சாகடித்திருக்கிறேன்.

மகாராஜாவின் அப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். மொட்டைமாடியை ஒட்டிய கடைசி அறை ஒழுகும் என்பதால் சீசனிலும் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. அதை எங்களுக்குத் திறந்துவிட்டார். ஜோயல் தென்காசியிலிருந்து அவன் அண்ணன் பைக்கில் பீட்சாவோடு வந்து இறங்கினான். வழியெல்லாம் சாரல். அட்டைப்பெட்டி ஊறிப்போயிருந்தது, சீஸ் விறைத்திருந்தது.

"இதுக்கா மொகத்தத் தொங்கப் போடுத?" என்று மகாராஜா கீழே ஓடி, லாட்ஜ் சமையலறையிலிருந்து ஒரு கரண்டு அடுப்பையும் தோசைக்கல்லையும் தூக்கி வந்தான். பீட்சாவைக் கல்லில் போட்டான். கொஞ்ச நேரத்தில் தோசைக்கரண்டியை அடியில் விட்டான்.

"ஏலே, திருப்பாத!" என்று ஜோயல் கத்துவதற்குள் திருப்பியே விட்டான்.

"ரெண்டு பக்கமும் வேகாண்டாமா?"

"அது என்ன தோசையாலே? மேல இருந்த சீஸ் பூரா கல்லுல ஒட்டிட்டு."

"சுரண்டித் தின்னு பாரு. நெய்ரோஸ்ட்டு ஓரம் மாதிரி இருக்கும்."

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. மூன்று பேரும் கரண்டிக்கு அடித்துக்கொண்டோம்.

"கோழி போட்டு வாங்கிருக்கலாம்," என்றான் ஜோயல். "ஒங்க வெள்ளிக்கெழமைக்கு நான் என்னலே பாவம் செஞ்சேன்?"

"எங்கம்மா சட்டைய மோந்து பாத்தே கண்டுபிடிச்சிரும். பேசாம பனீரத் தின்னு," என்றான் மகாராஜா.

எவர்சில்வர் தம்ளர்களில் பன்னீர் சோடா ஊற்றி மூன்றையும் முட்டிக்கொண்டோம். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மகாராஜா தள்ளாடிக் காட்டினான். தள்ளாடும்போது அவன் பேன்ட் பையில் இருந்த சாவிக்கொத்து கலகலவென்று அடித்துக்கொண்டது. லாட்ஜின் பழைய குடோன் சாவிக்கொத்து அது. பூட்டு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் பள்ளிக்கூடம், டியூஷன், கல்யாண வீடு, எங்கே போனாலும் அது அவன் பையில் இருக்கும். கோயில் மாடு வருகிற மாதிரிச் சத்தத்தை வைத்தே அவன் வருவது தெரியும். ஜோயல் இன்னொரு ரகம். அவன் அப்பா வைத்திருக்கும் வொர்க்ஷாப்பிலிருந்து எடுத்த ஒரு ஸ்பேனர் எந்நேரமும் அவன் பையில் கிடக்கும். கேட்டால், "வழியில எவன் வண்டியாவது நின்னா நாலு காசு பாக்கலாம்லா," என்பான்.

ஒன்பது மணிக்குப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு மாத்திரையை விழுங்கினேன். வெளியே வந்தால் மகாராஜா என் முகத்தில் துண்டை வீசினான்.

"கெளம்புலே."

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு."

"பத்தாங்கிளாஸ்லேருந்து அதே சளியாலே? பேரு குற்றாலீஸ்வரன். தல மட்டும் நனைய மாட்டேங்கு."

"பயப்படாத," என்றான் ஜோயல். "நானும் இவனும் ஆளுக்கொரு கையப் பிடிச்சிக்கிடுதோம்."

இருவரும் துண்டோடு கதவருகே நின்றார்கள். தூரத்தில் அருவி இரைந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் நான் நிற்பதையும், அங்கே வைத்து வலிப்பு வருவதையும் நினைத்தேன். சொன்னால் அக்கா கல்யாணம். சொல்லாவிட்டால் அந்தத் தண்ணீர். இனிமேல் இவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. துண்டைக் கட்டிலில் வைத்தேன்.

"எனக்கு வலிப்பு இருக்குலே," என்றேன்.

ஜோயல் மகாராஜாவைப் பார்த்தான். பிறகு மகாராஜா சாதாரணமாகச் சொன்னான்.

"அது தெரியும். நீ துண்ட எடு."

"எப்படித் தெரியும்?"

"போன வருசம் டியூஷன்ல விழுந்தல்லா? நாந்தான பக்கத்துல இருந்தேன். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. சாரு, 'சாவியக் குடுங்கலே, எதாவது இரும்பக் குடுங்கலே'ன்னு கத்துதாரு. அம்புட்டுப் பேருல ஒருத்தன்ட்டயும் ஒரு சாவி இல்ல. அன்னைலேருந்துதான் இது."

சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டினான். ஜோயல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

"இவன் லீவு போட்டா யாராவது வச்சிருக்கணும்லா," என்றான்.

அன்று டியூஷனில் கண் விழித்ததும், பசி மயக்கம் என்று நான்தான் சொன்னேன். சாப்பிடாம வந்தா அப்படித்தான் என்று இவர்களும் சொன்னார்கள். பஸ்ஸில் என்னைப் படிக்கட்டுப் பக்கம் நிற்க விடாததும், நடுவில் உட்கார வைத்துக்கொள்வதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"ஏம்லே என்கிட்ட கேக்கல?"

"நீதான் மயக்கம்னியே. சொல்லப் பிடிக்கல போலன்னு விட்டுட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, இரும்பைக் கையில் கொடுப்பதால் ஒன்றும் நடக்காது, வலிப்பு தானாகத்தான் நிற்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மகாராஜாவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது.

"அப்ப இத்தன நாளா சும்மாவாலே சொமந்தேன்?"

"சும்மாதாம்லே."

"பை கிழிஞ்சு கிழிஞ்சு எங்கம்மாட்ட ஏச்சு வாங்கிருக்கேன்லே!"

"தண்ணிக்குள்ள வந்தா?" என்று ஜோயல் கேட்டான்.

"அதான் அருவிக்கே போகக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "கையப் பிடிச்சிக்கிட்டா போதும்னுலா நெனச்சோம்," என்றான். கையில் இருந்த துண்டை மடித்து ஓரமாக வைத்தான்.

அருவித் திட்டம் அதோடு போயிற்று. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மகாராஜா கேட்டான். ஒருக்களித்துப் படுக்க வை, அமுக்கிப் பிடிக்காதே, வாயில் எதையும் திணிக்காதே, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்றேன். உடனே ஜோயல் தரையில் விழுந்து உதறினான். மகாராஜா அவனைப் புரட்டினான்.

"மெதுவாலே! நான் என்ன பீட்சாவா, திருப்பிப் போடுததுக்கு?"

அப்புறம் மாடிக்கு வந்து நின்றோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மகாராஜா உள்ளங்கை இரண்டையும் நீட்டிக் கொஞ்சம் தண்ணீர் பிடித்து என் தலையில் ஊற்றினான். "குளிச்ச கணக்கு. தொவட்டு. தூக்கம் கெடக் கூடாதுன்னு சொன்னேல்லா, போய்ப் படு," என்று விளக்கை அணைத்தான்.

இப்போது இருவரும் தூங்கிவிட்டார்கள். ஜோயலின் கால் என் மேல் கிடக்கிறது. மகாராஜா படுக்கும்போது சாவிக்கொத்தை என் தலையணைப் பக்கத்தில் வைத்தான். சும்மாதான் என்று சொன்னேனே என்றால், "இருந்துட்டுப் போட்டும்லே," என்றான்.

அம்மா மெசேஜ் அனுப்பியிருந்தாள். "மாத்திர போட்டியா? யாரும் பாக்கலல்லா?"

வழக்கமாக ஒரே பதில்தான். இன்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். "போட்டேன்மா. மகாராஜாவுக்கும் ஜோயலுக்கும் எல்லாம் தெரியும். போன வருசத்துலேருந்தே தெரியுமாம். அவங்க யார்ட்டயும் சொல்லல."

அனுப்பிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டுகிறது, நின்றுவிடுகிறது, மறுபடி காட்டுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. சாவிக்கொத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.